செம்மறி வளர்ப்பு: அன்றாடப் பணியே ஆதாயம்

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பொன் வெட்டியெடுத்த குடும்பங்களைச் சேர்ந்த பலர் இன்று நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஊரிலேயே பிழைக்க விரும்புவோருக்குள்ள வழிகள் சிலவே. வற்றாத ஆறு இல்லாத கோலார் மாவட்டத்தில், மானாவாரி நிலங்களை ஒட்டி நடைபெறும் செம்மறி வளர்ப்பு அவற்றுள் ஒன்று.

தேசிய கால்நடை இயக்கத்தில் 2021-ஆம் ஆண்டு செய்யப்பட்ட மாற்றங்களின்படி, ஆட்டுப் பண்ணைக்கான மூலதனச் செலவில் 50 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியமாகக் கிடைக்கிறது. ஆடும் கொட்டகையும் இவ்வாறு கிடைத்துவிடலாம். ஆனால் ஆதாயத்தை நிர்ணயிப்பது அன்றாடப் பராமரிப்பேயாகும்.

காரணம் எளிது. ஓராண்டில் விற்பனைக்கு 20 குட்டிகள் தேறுகின்றன என்றும், தீவனம், மருந்து, கூலி, கடன் தவணை ஆகியவற்றுக்கு 14 குட்டிகளின் விலை செலவாகிறது என்றும் கொள்வோம். எஞ்சும் ஆதாயம் 6 குட்டிகள். நோயினால் 3 குட்டிகள் மடிந்தால் வருவாயில் குறைவது இருபதில் மூன்று பங்கே. ஆதாயத்திலோ சரிபாதி போய்விடுகிறது.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டீஸ் மலைகளில் அல்பாக்கா வளர்ப்போரும் இதை நன்கறிவர். அவ்விலங்கு பதினொரு மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அக்குட்டி மடிந்தால் ஓராண்டு உழைப்பு வீண். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆயினும் அல்பாக்காவின் மென்மயிர் உலகச் சந்தையில் நல்ல விலை பெறுவது போல், நம் தக்காணி ஆட்டின் முரட்டு மயிர் பெறுவதில்லை. குருபர் நெய்யும் கம்பளிக்கு அது பயன்பட்டு வந்தபோதிலும், இன்று பல இடங்களில் மயிர் கத்தரிக்கும் கூலிக்கே அதன் விலை போதுவதில்லை. எனவே வளர்ப்போரின் வருவாய் பெரும்பாலும் குட்டியைச் சார்ந்ததே.

விடியற்காலையில் பட்டியைத் திறக்கும்போதே நாளின் முதற்பணி தொடங்குகிறது. பின்தங்கி நடக்கும் ஆடு, மூக்கொழுகும் ஆடு, கழிச்சல் கண்ட ஆடு ஆகியவற்றைப் பிரித்து நிறுத்த வேண்டும். கீழிமையை விலக்கிப் பார்த்தால், வெளிறிய நிறம் குடற்புழுவால் நேர்ந்த இரத்தச்சோகையைக் காட்டிக்கொடுக்கும். பனி ஈரம் உலருமுன் மேய்க்கலாகாது. ஈரப் புல்லின் நுனியில் புழுக்களின் இளம்பருவங்கள் ஏறியிருக்கும். மாட்டுத் தீவனத்தை ஆட்டுக்கு இடுவதும் தவறு. அதில் கலந்துள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சாகக்கூடும்.

சினையின் கடைசி ஆறு வாரங்களில்தான் கருக்குட்டி பெரிதும் வளர்கிறது. அக்காலத்தில் தாய்க்குக் கூடுதல் தீவனம் இன்றியமையாதது. ஈன்றவுடன் குட்டியின் தொப்புள்கொடியில் அயோடின் கரைசல் தடவி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நோயெதிர்ப்பாற்றல் தாயிடமிருந்து குட்டிக்குச் சேரும் வழி அதுவே.

மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போடுதல் வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஒரு தடுப்பூசி ஏறத்தாழ மூன்றாண்டுகள் காக்கும். மாலையில் பட்டி சேரும்போது தலை எண்ணுவதும், நோயுற்ற ஆட்டைத் தனியே கட்டுவதும் தவறக்கூடாதவை. அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போட்டால் நிலத்துக்கு எருவும் ஆட்டுக்காரருக்குச் சிறு வருமானமும் கிடைக்கின்றன.

இப்பணிகளில் பெரும்பாலானவை பணத்தைவிட நேரத்தையும் கவனத்தையும் வேண்டுபவை. எனவே மானியம் வழங்கும் அலுவலர், எத்தனை ஆடுகள் வாங்கப்பட்டன என்பதோடு, ஓராண்டு கழிந்தபின் எத்தனை குட்டிகள் பிழைத்துள்ளன என்பதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். சுரங்க வேலையை இழந்த குடும்பம் ஒன்று கடன் வாங்கி ஆடு வளர்க்க முன்வருமானால், அக்கடன் சுமையாகுமா வாழ்வாகுமா என்பதை அந்த இரண்டாவது எண்ணே கூறும்.