பழவேற்காட்டுப் பிள்ளைகளின் முழங்காலுக்குள் இத்தனை அதிசயமா?

அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று கடலோரம் வளரும் பிள்ளைகளுக்கு மணல்தான் மைதானம். அந்த மணல் முழங்காலுக்கு எவ்வளவு நல்லது தெரியுமா? நார்வேயில் முதல்தர வீரர்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், உள்ளரங்கத்தில் வாலிபால் ஆடியவர்களில் 45 சதவீதம் பேருக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே தசைநாண் வலி! மணலில் ஆடுகிறவர்களுக்கு இந்த வலி வெகு குறைவு.

அந்தத் தசைநாணின் பலம் தெரியுமா? பளுதூக்கும் போட்டி ஒன்றில் வீரருக்கு அது அறுந்த கணமே படச்சுருளில் பதிவாகிவிட்டது. கணக்கிட்டு 1977-இல் வெளியிட்டார்கள்: அப்போது அதன்மேல் இருந்த இழுவை, அவர் உடல் எடையைப்போல் பதினேழரை மடங்கு!

இவ்வளவு பலமே வளரும் பிள்ளைக்கு ஆபத்தாகவும் முடியும். 8 முதல் 12 வயதில் நாண் அறுவது அபூர்வம். குதிக்கும்போது சில்லின் அடிநுனிக் குருத்தெலும்பையே அது உறைபோல உரித்துக்கொண்டு வந்துவிடும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது! ஒரு பொடித் துணுக்குதான் தெரியும். ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பிள்ளையைப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லையா? அன்றைக்கே பொன்னேரிக்கோ சென்னைக்கோ எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரும். ஆனால் உரிந்த துண்டு விலகியிருந்தால் அறுவை செய்து இழுத்துத் தைத்தால்தான் கால் பழையபடி நீளும். இரண்டு முட்டியையும் எக்ஸ்ரே எடுத்தால் ஒரு சில்லு மேலே ஏறியிருப்பது புலப்படும். ஸ்கேன் மீதியைக் காட்டும்.

முட்டிக்குக் கீழே மேடு தட்டி வலிக்கிறதா? அது பெரும்பாலும் வேறு. 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர், தனித்தனியே ஒரே ஆண்டில் விவரித்த வளர்பருவக் கோளாறு அது. ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்தால் போதும். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலோர்க்கு வலி நின்றுவிடும்.

இன்னும் கேளுங்கள்! 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பனை இன்னொரு தசைநாணான குதிகால் நாணில் தேடிய டென்மார்க் ஆய்வாளர்கள், 2013-இல் சொன்னது: நாணின் மையப்பகுதி சுமார் 17 வயதோடு உருவாகி முடிகிறது, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை!

வளர்ச்சி முடிந்த இளைஞருக்கு முட்டி நாணில் வலி என்றால்? முட்டியை நீட்ட முயன்று, காலை அசைக்காமல் 45 விநாடி பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது, இப்படி ஐந்து முறை. 2015-இல் வாலிபால் வீரர்களிடம் நடந்த சிறிய ஆய்வில் இதனாலேயே வலி உடனே தணிந்தது, ஊசியே இல்லாமல்!