நாள்பட்ட நோயோடு முனைவர் பட்ட ஆய்வு

சர்க்கரை நோய், முடக்குவாதம், லூபஸ், சிறுநீரகக் கோளாறு போன்றவை ஆண்டுக்கணக்கில் உடனிருப்பவை. முனைவர் பட்ட ஆய்வும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காலக்கெடுவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு உண்டு. ஆனால் மானியக் குழுவின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 5 ஆண்டோடு முடிந்துவிடும்.

சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா ஆகியவை அதில் உண்டு. சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் இல்லை. முடக்குவாதத்தால் மூட்டுகள் முடங்கியிருந்தால் இயக்கக் குறைபாடு என மதிப்பிட வாய்ப்புண்டு. வெளியே தெரியாத நோயுள்ள பலர் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு இல்லை என்பதற்காகத் தேர்வில் உதவி எழுத்தரை மறுக்கக் கூடாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது அன்றாடம். ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குப் போகக் காவிரியையும் திருச்சி நகரையும் கடந்து புதுக்கோட்டைச் சாலையில் பயணிக்க வேண்டும். துவாக்குடியிலுள்ள என்.ஐ.டி.க்கும் தொலைவு குறைவில்லை. மூட்டுவலிக்காரருக்குப் பஸ் பயணமே பாதி நாளின் தெம்பைத் தின்றுவிடும். நூலக வேலையில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே முடிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. களப்பணியைச் சித்திரை வெயிலில் வைக்காமல் மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளலாம். உடம்பு தெளிவாக இருக்கும் நேரத்தை எழுதுவதற்கும், சோர்ந்த நேரத்தை அடிக்குறிப்பு, அட்டவணை வேலைகளுக்கும் ஒதுக்குவது நல்லது.

ஆய்வாலோசனைக் குழுவின் முன் பருவந்தோறும் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியோடு மருத்துவப் பரிசோதனையும் மோதாதபடி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நோயை நெறியாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லி, விடுப்பு, நீட்டிப்பு கோரிக்கைகளை மருத்துவச் சான்றோடு எழுத்தில் கொடுப்பது பாதுகாப்பு. வாய்ச்சொல் கோப்பில் ஏறாது.

ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு நரம்பு நோய் தெரியவந்தது 1963இல். முனைவர் பட்டம் பெற்றது 1966இல். ஆனால் நோயாளியின் மன உறுதியை மட்டும் நம்பி ஒரு கல்வி அமைப்பு இருந்துவிடக் கூடாது. நீட்டிப்பு வழங்க விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், மருத்துவர் தரும் சான்றையும் பல்கலைக்கழகங்கள் அடிப்படையாக ஏற்க வேண்டும்.