வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து வேண்டாம்

புந்தோங் - ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், தோட்டமானாலும் பட்டணமானாலும் சுற்றியிருப்போர் முதலில் தேடுவது இரும்பைத்தான். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள்; வாயில் கரண்டியை வைப்பார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். அதனால்தான் இரும்பு நிறுத்தியது என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது. கரண்டியோ பல்லை உடைக்கும், மூச்சையும் அடைக்கலாம்.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்சைகைகளை வெளியிடுவதே வலிப்பு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது தொற்றாது.

*வகைகள்*

மூளையின் இரு பக்கமும் பாதிக்கப்பட்டால் உடல் விறைத்து, கைகால்கள் உதறும். சில பிள்ளைகள் சில வினாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்குவார்கள். அதுவும் வலிப்புதான்; வகுப்பில் 'கவனமில்லை' என்று திட்டு வாங்குவதுதான் மிச்சம்.

மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கினால் ஒரு கை துடிக்கலாம், இல்லாத வாடை வீசலாம், கூப்பிட்டால் பதில் வராமல் போகலாம். இதைக் காத்து கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அலைவதில் மாதங்கள் வீணாகின்றன.

*உடனே செய்ய வேண்டியவை*

தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். ஆளை அழுத்திப் பிடிக்காதீர்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நன்றாகத் தெளியும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்; 5 நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 999-ஐ அழையுங்கள்.

*சிகிச்சை*

முதலில் அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லலாம். அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்புவார்கள். மூளை மின் அலைப் பதிவும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காரணத்தைக் கண்டறிய உதவும். முறையான சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். பொருத்தமான இரண்டு மருந்துகளுக்கும் கட்டுப்படாதவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். கர்ப்பத்தில் வால்புரோயேட் மருந்து குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

தூக்கம் கெடுதல், மது, மாத்திரையைத் தவறவிடுதல் ஆகியவை வலிப்பைத் தூண்டும். தைப்பூச விரதத்திலும் மாத்திரையை விடக் கூடாது. வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள் கச்சாங் பூத்தே பொரிக்கும் எண்ணெய்ச் சட்டியருகே நிற்பதும், ஈயக்குட்டையில் தனியாக மீன் பிடிப்பதும் ஆபத்து.

இந்தியாவில் திருமணத்தை ரத்து செய்யும் காரணங்களிலிருந்து வலிப்பு நோய் 1999-இல் நீக்கப்பட்டது. ஆயினும் பெண் பார்க்கும்போது இதை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைத்தவர், கல்யாணத்துக்குப் பின் மாத்திரையையும் ஒளித்துத்தான் விழுங்க வேண்டும். ஒளிக்க முடியாத நாளில் மாத்திரை தவறும். வலிப்பு திரும்ப வரும்.