ஆய்வுகூடச் சுண்டெலியின் கண்

இரணைமடுக் குளத்து நீர் பாயும் முரசுமோட்டை வயல்களில், அரிவி வெட்டு முடிந்தபின் எலிகள் இருளில் வரம்புக்கு வரம்பு ஓடுவதைக் கமக்காரர் நன்கறிவர். அவ்வோட்டத்திற்குக் கண்ணைவிட மூக்கும் மீசையுமே எலிக்கு உதவுகின்றன. ஆதலால் கண் கெட்ட எலியைப் பார்ப்பவர், அது குருடென்று எளிதில் அறியார். விஞ்ஞானிகளும் இதில் ஏமாந்ததுண்டு.

நேயர்களே, ஆய்வுகூடச் சுண்டெலி வமிசங்கள் பல, உடன்பிறந்தவற்றையே இருபது தலைமுறைக்குக் குறையாமல் இணைசேர்த்து உண்டாக்கப்பட்டவை. எல்லா எலிகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கவேண்டுமென்பது நோக்கம். ஆனால், முன்னோரிடம் ஒளிந்துகிடந்த குறையும் இவ்வாறு வெளிப்பட்டு வமிசம் முழுவதற்கும் உரியதாகிவிடலாம். எவரும் ஊறு செய்யாமலே கண்நோய் தோன்றுகின்றது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளைட் கீலர், வெள்ளைச் சுண்டெலிகள் சிலவற்றின் விழித்திரையைச் சீவி நுணுக்குக்காட்டியில் நோக்கினார். மங்கிய ஒளியை உணரும் கோற்கலங்களை அங்கே காணவில்லை. 1924இல் அதனை வெளியிட்டார். இன்று சி3எச் என்னும் வமிசத்தில் இந்நோயைக் காணலாம். குட்டி பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது. அடுத்த ஒரு வாரத்துள் கோற்கலங்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. உலகைக் காண அதற்கு வாய்ப்பது அச்சில நாட்களே! ஒளியைச் செய்தியாக மாற்றும் தொழிலில் பங்குகொள்ளும் நொதியம் ஒன்று பழுதுபடுவதே காரணம். டிபிஏ/2 என்னும் வமிசத்திலோ கண்மணியைச் சூழ்ந்த படலத்தின் நிறப்பொடி உதிர்ந்து, விழிநீர் வடியும் வழியை அடைக்கிறது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுகிறது.

ஞாபகசக்தியைச் சோதிக்க எலியைக் கலங்கிய நீர்த்தொட்டியில் நீந்தவிடுவதுண்டு. நீருள் மறைந்த மேடையை, அறையிலுள்ள அடையாளங்களைக் கண்டு அது தேடி அடையவேண்டும். சி3எச் எலி திணறும். ஞாபகம் குன்றியது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. உண்மையில் அங்கே சோதனைக்குள்ளானது கண். பின் வாங்கிலிருந்து கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தமென்று எழுதும் தேர்ச்சி அறிக்கையும் இவ்வகையினதே. ஆகவே கவனமுள்ள ஆய்வாளர், அதே மேடையை நீருக்கு மேலே தெரியவைத்து, கொடியொன்றும் நாட்டி, பார்வையையும் சோதித்துக்கொள்கின்றனர்.

கீலரின் எலிகள் மறைந்துபோயின. கண்ணாடித் தகடுகளில் ஒட்டிய சீவல்கள் எஞ்சின. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின், 1993இல், அச்சீவல்களிலிருந்து பரம்பரைப் பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, பிற்கால எலிகளின் குறையும் அதுவும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. அவ்வறிக்கையை எழுதியோருள் முதியவரான கீலரும் ஒருவர். அதே ஆண்டில், அந்தப் பரம்பரையலகின் பழுது மனிதக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டது. இத்தகைய நோயாளருக்கு முதலில் மங்குவது இரவுப் பார்வை. ஆயினும், கீரையும் மீனெண்ணெயும் கொடுத்து மாற்றக்கூடிய மாலைக்கண் அன்று அது.