டிவி ஒரு கோடு கேக்குதா? அதுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீங்க

புது ஸ்மார்ட் டிவியில ஏதாவது ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் திறந்தீங்கன்னா, திரையில ஆறோ எட்டோ எழுத்துல ஒரு கோடு வரும். "இதை உங்கள் போனில் போடவும்"னு கேக்கும். அந்தக் கோடு என்ன, எங்க போடணும், எங்க போடவே கூடாது? இன்னிக்கு எபிசோட் இவ்வளவுதான்.

இதைப் பேசக் காரணம், பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்ல பூக்கடை வெச்சிருக்கிற ஒரு அக்கா. பையனுக்குச் சென்னையில வேலை. தீபாவளிக்கு டிவி வாங்கி மாட்டிட்டு, ஆப் எல்லாம் செட் பண்ண நேரமில்லாம பஸ் ஏறிட்டான். அக்கா திரையில இருந்த வார்த்தைகளை அப்படியே போன்ல தேடியிருக்காங்க. முதல்ல வந்த பக்கத்துல ஒரு "கஸ்டமர் கேர்" நம்பர். எடுத்தவர் ரொம்பப் பணிவா, "உங்க டிவி இன்னும் ரிஜிஸ்டர் ஆகலை மேடம், ஆக்டிவேஷன் சார்ஜ் 1,499 ரூபாய்"னு சொல்லியிருக்கார். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அக்கா என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, டிவிக்குக் காசு கொடுத்தாச்சு. மாசாமாசம் ஆப்புக்கும் கட்டுறோம். இது எதுக்கு மூணாவது காசு?"

சரியான கேள்வி. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் எதுலயும் டிவியை இணைக்கத் தனிக் கட்டணம் கிடையாது. சந்தா மட்டும்தான்.

அப்போ இந்தக் கோடு எதுக்கு? ரிமோட்ல அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒரு பாஸ்வேர்ட் அடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தொல்லைன்னு. அதைத் தவிர்க்க வந்த வழி இது. இணையத்துக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கிற ஐஇடிஎஃப் அமைப்பு 2019 ஆகஸ்ட்டில் இதை ஒரு பொதுத் தரமாக வெளியிட்டது. அந்த ஆவணத்தின் பெயர் ஆர்எஃப்சி 8628.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. டிவியில இருக்கிற ஆப், கம்பெனி சர்வர்கிட்ட "நான் ஒரு புது டிவி"ன்னு சொல்லுது. சர்வர் ரெண்டு கோடு தருது. நீளமான ரகசியக் கோடு டிவிக்குள்ளயே இருக்கும். சின்னது திரைக்கு வரும். நீங்க ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிற போன்ல அந்தச் சின்னக் கோடு போட்டு ஓகே கொடுத்ததும், "இந்த டிவி இவரோடது"ன்னு சர்வர் முடிவு பண்ணுது. அதுவரைக்கும் டிவி சும்மா இருக்காது. "போட்டாச்சா, போட்டாச்சா"ன்னு சர்வரைக் கேட்டுக்கிட்டே இருக்கும். சர்வர் வேற இடைவெளி சொல்லலைன்னா, 5 நொடிக்கு ஒரு தடவை கேக்கணும்னு அந்தத் தரம் சொல்லுது. போன்ல ஓகே அடிச்ச கொஞ்ச நேரத்துல டிவி தானா மாறுறது இதனாலதான். உங்க பாஸ்வேர்ட் டிவிக்குள்ள போகவே இல்லைங்கிறதையும் கவனிங்க.

சரி, எங்க போடணும்? டிவியே முகவரி காட்டும். நெட்ஃபிளிக்ஸ்னா, நெட்ஃபிளிக்ஸ் டாட் காம் ஸ்லாஷ் டிவி8. யூடியூப்னா, யூடியூப் டாட் காம் ஸ்லாஷ் ஆக்டிவேட். பிரைம்னா, பிரைம்வீடியோ டாட் காம் ஸ்லாஷ் மைடிவி. இதை பிரவுசரோட மேல் பட்டையில முழுசா அடிங்க. தேடல் பெட்டியில போட்டுத் தேடாதீங்க. தேடினா, காசு கொடுத்து மேல வந்த விளம்பரமும் போலிப் பக்கமும் அசலோட கலந்து நிக்கும். டிவியில க்யூஆர் வந்தா இன்னும் நல்லது, ஸ்கேன் பண்ணா போதும்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. யாரோ ஒருத்தர் உங்களுக்கு ஒரு கோடு அனுப்பி, "இதைப் போட்டு ஓகே கொடுங்க"ன்னா? பக்கம் அசல்தான், ஆனா இணையப்போறது அவரோட கருவி. 2025 பிப்ரவரியில மைக்ரோசாஃப்ட் இப்படி ஒரு தாக்குதலைப் பத்தி எச்சரிச்சது. மீட்டிங் அழைப்பு மாதிரி ஒரு மெசேஜ், கூடவே ஒரு கோடு. போட்டவங்களோட அலுவலகக் கணக்கு அப்படியே திருடங்க கைக்குப் போயிடும். அதனால, உங்க கண்ணு முன்னாடி இருக்கிற திரையில வந்த கோடு மட்டும் போடுங்க.

பாண்டிச்சேரியில இதுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிறைய வீடுகள்ல சித்தப்பாவோ பெரியம்மாவோ பிரான்ஸ்ல இருப்பாங்க. "சித்தப்பா, கோடு அனுப்புறேன், ஓகே கொடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல கேக்கிற வழக்கமும் இருக்கு. சித்தப்பா பக்கத்துல இருந்து பாருங்க: திருடன் அனுப்பினாலும் மெசேஜ் இதே மாதிரிதான் இருக்கும். வீடியோ கால் போட்டு டிவியைக் காட்டுங்க. இன்னொண்ணு, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான்னு நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில இருந்து இந்தியாவுலயும் கண்டிப்பு காட்டுது. அதனால பாரிஸ் கணக்கு இங்க ஓடும்னு நம்பி இருக்க முடியாது.

அடுத்தது பாக்ஸ். பழைய டிவி வெச்சிருக்கிறவங்க, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடத்துல பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் தேடுவாங்க. "எல்லா ஆப்பும் ஃப்ரீ"ன்னு யாராவது சொன்னா உஷாராயிடுங்க. 2024 செப்டம்பரில் 'டாக்டர் வெப்' என்ற பாதுகாப்பு நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் டிவி பாக்ஸ்களில் ஒரே மால்வேர் புகுந்திருப்பதாக அறிவித்தது. வாங்குறதுக்கு முன்னாடியே மால்வேர் ஏத்தப்பட்ட பாக்ஸ்கள் இருக்குன்னு 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. நீங்க ஓகே கொடுத்ததும் கணக்கோட சாவி ஒண்ணு அந்த பாக்ஸுக்குள்ள போய் உக்காருது. அது யார் பாக்ஸுங்கிறது அப்புறம் ரொம்ப முக்கியமாயிடும். செட்டப் நடுவுல "பிளே ப்ரொடெக்ட்டை ஆஃப் பண்ணுங்க"ன்னு கேட்டா, அங்கேயே நிறுத்திடுங்க. பழைய ஸ்டிக்கையோ டிவியையோ விக்கும்போதும் ரீசெட் பண்ணிட்டு, கணக்கோட செட்டிங்ஸ்ல போய் அந்தக் கருவியை நீக்கிடுங்க.

ஏற்கெனவே பணம் போயிடுச்சா? வெட்கப்பட்டு உக்கார நேரமில்லை. உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் கைமாறுறதுக்குள்ள நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. போன்ல ஏதாவது ரிமோட் ஆப் போட வெச்சிருந்தா, நெட்டை ஆஃப் பண்ணி, அதை நீக்குங்க. வேற ஒரு போன்ல இருந்து பேங்க்குக்குச் சொல்லி, பாஸ்வேர்ட் எல்லாம் மாத்துங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இதைக் கேக்கிற நம்மள்ல பாதிப் பேர் ஊருக்கு டிவி வாங்கிக் கொடுத்தவங்க. அடுத்த தடவை போகும்போது பத்து நிமிஷம் ஒதுக்கி, அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு, அவங்க போன்லயே அவங்க கையாலயே இதைச் செய்ய வைங்க. டிவி பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டுங்க: "கோடுக்குக் காசு கிடையாது. சந்தேகம்னா எனக்குப் போன். பணம் போனா 1930."