காருக்கான இன்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுத்தல்

இன்ஜின் ஆயில் (பொறி உயவு எண்ணெய்) என்பது இன்ஜினுக்குள் உரசி இயங்கும் பாகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கும் எண்ணெய் ஆகும். வெப்பத்தை வெளியே கடத்துதல், கரியையும் அழுக்கையும் மிதக்கவைத்து ஆயில் ஃபில்டருக்குக் கொண்டு செல்லுதல், துருவைத் தடுத்தல் ஆகியவையும் அதன் பணிகளாகும். ஒரு காருக்கு எந்த ஆயில் பொருந்தும் என்பதை இரண்டு குறிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று பாகுநிலைக் குறி. மற்றொன்று தரக் குறி. இரண்டும் காருடன் தரப்படும் உரிமையாளர் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஆயிலின் விலையோ நிறமோ இவற்றுக்கு ஈடாகாது.

தேனி மாவட்டத்தில் இத்தேர்வு கூடுதல் கவனத்துக்குரியது. கம்பம் பள்ளத்தாக்கின் தரைப்பகுதி கோடையில் கடும் வெப்பம் உடையது. அங்கிருந்து புறப்படும் கார் சிறிது நேரத்திலேயே போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு, மேகமலை ஆகிய மலைச்சாலைகளுள் ஒன்றில் ஏறத் தொடங்கிவிடுகிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சமவெளியில் மட்டும் ஓடும் காரைவிட இத்தகைய காரின் ஆயில் அதிகச் சுமையைத் தாங்குகிறது.

பாகுநிலைக் குறி

வாணலியில் ஊற்றிய நல்லெண்ணெய் சூடேறியதும் தண்ணீரைப் போலப் பரவுவதைச் சமையலறையில் காணலாம். இன்ஜின் ஆயிலும் அவ்வாறே குளிரில் தடித்தும் சூட்டில் இளகியும் இருக்கும். இவ்வாறு ஓடுவதற்கு ஒரு திரவம் காட்டும் எதிர்ப்பே பாகுநிலை ஆகும். இதற்கான எண்களை எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு வகுத்துள்ளது.

5டபிள்யூ-30 என்ற குறியை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ஆயில் விரைவாக மேலேறும். பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசில் ஆயில் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. அந்த வெப்பநிலையில் 20 எண் ஆயிலின் பாகுநிலை வினாடிக்கு 6.9 முதல் 9.3 சதுர மில்லிமீட்டருக்குள்ளும், 30 எண் ஆயிலுடையது 9.3 முதல் 12.5-க்குள்ளும், 40 எண் ஆயிலுடையது 12.5 முதல் 16.3-க்குள்ளும் இருக்க வேண்டும்.

"நம் ஊரில் பனி பெய்வதில்லை, முன் எண் எதற்கு?" என்று கேட்கலாம். 100 பாகையில் 14 அளவில் இருக்கும் 15டபிள்யூ-40 ஆயில், 40 பாகையிலேயே பொதுவாக 100-ஐ ஒட்டிய பாகுநிலைக்குத் தடித்துவிடும். ஆகவே நம் ஊரின் வெப்பமான காலைகளிலும் இன்ஜினைக் கிளப்பும் நொடியில் எந்த ஆயிலும் தேவைக்கு மேல் தடித்தே இருக்கும். தேய்மானம் அதிகம் நேரும் நேரங்களுள் அதுவும் ஒன்று.

மலைக்குத் தடித்த ஆயில் நல்லதா?

மலை ஏறும் காருக்குத் தடித்த ஆயில் ஊற்ற வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பழைய டீசல் ஜீப்புகளைப் பார்த்து உருவான பழக்கம் இது. அந்த இன்ஜின்களுக்கு 15டபிள்யூ-40 போன்ற ஆயிலையே தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்தனர். இன்றைய சிறிய பெட்ரோல் கார்கள் பலவும் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலுக்கென வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு நேரக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அந்தப் பாகுநிலையைக் கணக்கிட்டு அமைந்தவை. அவற்றில் தடித்த ஆயிலை ஊற்றினால் கிளப்பும்போது ஆயில் தாமதமாக மேலேறும். எரிபொருள் செலவும் கூடும். பழைய ஜீப்பில் மெல்லிய ஆயிலை ஊற்றினால் சூட்டில் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும்.

சில கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று பாகுநிலைகள் தரப்பட்டிருக்கும. கோடையில் சுமையுடன் மலை ஏறும் காருக்கு, அவ்வாறு அனுமதிக்கப்பட்டவற்றுள் பின் எண் கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம். அட்டவணைக்கு வெளியே செல்லக் கூடாது.

தரக் குறி: பெட்ரோலும் டீசலும்

பாகுநிலை ஒன்றாக இருந்தாலும் ஆயிலில் கலக்கப்படும் வேதிப்பொருள்கள் வேறுபடும். அவற்றின் தரத்தைக் குறிப்பது ஏ.பி.ஐ. குறி. இதில் எஸ் என்று தொடங்குபவை பெட்ரோல் இன்ஜினுக்கும், சி என்று தொடங்குபவை டீசல் இன்ஜினுக்கும் உரியவை. இரண்டும் அச்சிடப்பட்ட ஆயில் இரு வகைக்கும் தகுதி பெற்றது.

பெட்ரோல் கார்: எஸ்என் தரம் 2010-லும், எஸ்பி தரம் 2020-லும் வந்தன. பெட்ரோல் ஆயில்களில் பொதுவாகப் புதிய தரம் பழைய தரத்தின் இடத்தில் பயன்படும். டர்போ பொருத்திய பெட்ரோல் காருக்கு எஸ்பி தரம் முக்கியமானது. உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில், முழு ஆக்சிலேட்டருடன் ஏற்றம் ஏறும்போது, சிலிண்டருக்குள் சிதறும் ஆயில் துளிகளால் கலவை முன்கூட்டியே தீப்பற்றி பிஸ்டன் உடையக்கூடும். இதைத் தடுக்கும் சோதனை எஸ்பி தரத்தில் அடங்கியுள்ளது. ஏற்றத்தில் உரிய நேரத்தில் கியரைக் குறைப்பதும் இதற்குப் பாதுகாப்பாகும்.

டீசல் கார்: டீசல் ஆயில் அதிகக் கரியைச் சுமக்க வேண்டியது. மாற்றிய சில நாட்களிலேயே கறுப்பது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களின் புகைப்போக்கிப் பாதையில் கரித்துகள் வடிகட்டி (டி.பி.எஃப்.) இடம்பெற்றுள்ளது. சாதாரண ஆயில் எரிந்து விடும் சாம்பல் இதில் படிந்து அடைத்துக்கொள்ளும். கரியை எரித்து நீக்கலாம். சாம்பலை அவ்வாறு எரிக்க முடியாது. வடிகட்டியை மாற்றும் செலவு பெரிது. ஆகவே இக்கார்களுக்கு ஏ.சி.இ.ஏ. சி2, சி3 போன்ற குறைந்த சாம்பல் தர ஆயில்களே பரிந்துரைக்கப்படுகின்றன. கையேட்டில் எந்தக் குறி உள்ளதோ அதே குறி டப்பாவிலும் இருக்க வேண்டும்.

மினரல், சிந்தெடிக் என்பவை அடிப்படை எண்ணெயின் வகைகள். தரக் குறிகள் அல்ல. சிந்தெடிக் ஆயில் வெப்பத்தை நன்கு தாங்கும். ஆயினும் குறி பொருந்தாத சிந்தெடிக்கைவிடக் குறி பொருந்தும் விலை குறைந்த ஆயிலே மேலானது. பைக் ஆயிலைக் காரிலும் கார் ஆயிலைப் பைக்கிலும் ஊற்றக் கூடாது. பைக்கின் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இயங்குவதால், கார் ஆயில் ஊற்றினால் அது வழுக்கக்கூடும்.

மலைச்சாலையும் ஆயில் அளவும்

சரியான ஆயிலும் அளவு குறைந்தால் பயன் தராது. செங்குத்தான ஏற்றத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் அடித்தொட்டியிலுள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அளவு ஏற்கெனவே குறைவாக இருந்தால் பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். வளைவில் சிவப்பு ஆயில் விளக்கு மின்னி மறைவது இதன் அறிகுறியாகும். அந்த விளக்கு காட்டுவது அழுத்தக் குறைவு. அது எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். "மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால் சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிவிடக்கூடும்.

மலை ஏறும் முன் சமதரையில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

* அளவு மேல் குறியைத் தாண்டி ஏறியிருந்தால், டி.பி.எஃப். உள்ள காரில் டீசல் ஆயிலோடு கலந்திருக்கலாம். ஊருக்குள் மட்டும் குறுந்தூரம் ஓடும் கார்களில் இது நேரும்.
* ஆயில் பால் கலந்த காபி போலத் தெரிந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். காரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

மாற்றும் காலம்

பல கையேடுகள் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. அதே கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்ற தனி அட்டவணையும் இருக்கலாம். மலைச்சாலை, புழுதி, அதிகச் சுமை, இன்ஜின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குறுந்தூர ஓட்டம் ஆகியவை அதில் அடங்கும். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளும் சுமையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளும், சபரிமலை சீசனில் மலைச்சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார்களும் இவ்வகையினவே. இவற்றுக்கு அந்தக் குறுகிய காலத்தையே பின்பற்ற வேண்டும். ஆயிலுடன் ஃபில்டரையும் மாற்றுவது அவசியம்.

வாங்கும்போதும் மாற்றிய பின்பும்

டப்பாவின் மூடி முத்திரை, தயாரிப்பு நாள், தொகுதி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, ரசீதுடன் வாங்க வேண்டும். காலி டப்பாவைக் கிழித்துவிட்டால் போலி ஆயில் நிரப்ப அது பயன்படாது. கழித்த ஆயில் இந்தியச் சட்டப்படி அபாயகரக் கழிவு ஆகும். அதை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றினால் முல்லைப் பெரியாறும் வைகையும் பாயும் வயல்களையும் கிணறுகளையும் அது சென்றடையும். மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனையில் அதை ஒப்படைப்பதே முறை.