விண்ணேற்பு நாளும் வாழைச்சேனை வீதியும்

ஆகஸ்ட் 15ஆம் நாள் அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா. இயேசு சபையினருக்கு அது இன்னொரு வகையிலும் நெருக்கமானது. 1534ஆம் ஆண்டு இதே நாளிலேதான் புனித இஞ்ஞாசியாரும் தோழர் அறுவரும் பாரிஸ் நகரின் மொன்மார்த் குன்றில் தம் முதல் வார்த்தைப்பாட்டை அளித்தனர். அறுவருள் ஒருவர் நம் கடற்கரைகள் அறிந்த சவேரியார். மட்டக்களப்பு நகருக்கோ 1990 முதல் அந்நாளுக்கு மூன்றாவது பொருளொன்றும் உண்டு.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்தவர் யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார். இயேசு சபைத் துறவி. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்பித்தார். கூடைப்பந்தாட்டத்தை நம் மாணவர்க்கு ஊட்டியவர். பிற்காலத்தில் இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்காக உழைத்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிழக்கில் வாழ்ந்தவரை வெளிநாட்டார் என்றழைக்க இங்கு எவருக்கும் நா எழாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 12ஆம் நாள் விடியுமுன் ஏறாவூரும் இரத்தத்தில் தோய்ந்தது. தமிழ்க் கிராமங்களிலும் சாவோலம். அயலவர் அயலவரைக் கண்டு அஞ்சிய அந்நாள்களில், இடருற்றோருக்கு உதவ வாழைச்சேனை சென்றிருந்த அடிகளார், 15ஆம் நாள் ஓர் இளைஞரோடு மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கிரான், சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர் எனச் செல்லும் முப்பது கிலோமீற்றர் அளவான அவ்வீதியில் இருவரும் காணாமற்போயினர். அடிகளாருக்கு அப்போது வயது அறுபத்தாறு.

விண்ணேற்பு விழாவின் நற்செய்தி, மரியாள் எலிசபெத்தம்மாளைக் காண விரைந்து சென்ற பயணம். நம் மறையுரைகள் பெரும்பாலும் அன்னையின் புகழ்ப்பாடலோடு நின்றுவிடுகின்றன. அப்பகுதியின் இறுதி வசனத்தை, மரியாள் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கிப் பின் தம் வீடு திரும்பினார் என்பதை, எவரும் விளக்குவதில்லை. விளக்க என்ன இருக்கிறது என்றே தோன்றும். ஆனால் போனவர் வீடு திரும்புதல் எத்துணை பெரிய கொடை என்பதை வாவியின் இரு கரையிலும் உள்ள தாய்மாரிடம் கேட்டறியலாம்.

அடிகளாருக்குக் கல்லறை இல்லை. நவம்பர் 2இல் மெழுகுதிரி ஏற்ற இடமில்லாமையால், காணாமற்போன நாளே அவரது நினைவு நாளாயிற்று. இந்து உறவினர் வீடுகளிலும் இதே நிலை: திதி தெரியாமல், பிள்ளை வீட்டைவிட்டுப் போன நாளையே பற்றிக்கொண்டிருக்கின்றனர். சிலர் அதையும் ஏற்க மறுத்து இன்றும் சோறு எடுத்துவைக்கின்றனர்.

திருப்பலியில் உயிரோடிருப்போரை ஓரிடத்திலும் இறந்தோரை வேறோரிடத்திலும் நினைவுகூருகிறோம். திருப்பலிக் கருத்துக்குப் பெயர் கொடுக்க வரும் தாயிடம், எந்த இடத்தில் என்று குருவானவர் கேட்டாக வேண்டும். அடிகளாரின் பெயரை நாம் இறந்தோர் வரிசையில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தாயோ, "இரண்டிலும் சொல்லுங்கோ சுவாமி" என்கிறாள்.